கரி குடித்த அத்தர்

"ஜின்னாவது மண்ணாவது!" என்றார் ஸலாஹுதீன். "ஜின் வந்தா அத்தர் பூசிக்கொண்டா வரும்?"

"கலியாண வீடுதானே காக்கா. ஜின்னுக்கும் நாலு பேருக்கு முன்னால மணக்க மணக்க வரணும் எண்டு ஆசை இருக்காதா?" என்றான் சீனித்தம்பி.

சாய்ந்தமருதில் ஷரிபுதீன் ஹாஜியாரின் குசினியில் அந்த வெள்ளிக்கிழமை காலை சிரிக்கிற நிலையில் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் ஸம்ஸியாவுக்குக் கலியாணம். பந்தல் போட்டாயிற்று, கிடாய்கள் வளவில் கட்டிக் கிடக்கின்றன, பாலைக்காட்டு விறகு மலைபோல் குவிந்திருக்கிறது. ஆனால் பெண்ணின் கழுத்தில் ஏற வேண்டிய நகைப் பெட்டி செவ்வாய் இரவோடு அலுமாரியிலிருந்து மாயமாய் மறைந்துவிட்டது. பொலிசுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கதை போய்விடும் என்று பயந்துதான் ஸலாஹுதீனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஸலாஹுதீன் கல்முனைக்குடிக்காரர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு காணாமற்போன மாடு முதல் காணாமற்போன மாப்பிள்ளை வரை எத்தனையோ கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய பழைய மொரிஸ் காரை ஓட்டுவது காரைதீவு இந்துவான சீனித்தம்பி. கார் நின்றாலும் நிற்கும், அவன் வாய் நிற்காது. அந்த வாயே அன்றைக்குக் குசினி வாசலைப் பார்த்ததும் தானாக அடங்கிப்போயிற்று.

வாசலில் றுகையா நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது விதவை. இருபது வருஷமாக இந்த வீட்டில் சமைத்தவள். இப்போது முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்தபடி, உள்ளே வரவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் நின்றாள். பெட்டியை எடுத்தது அவள்தான் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில், பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மார் முன்னால், குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

சத்தியம் செய்துவிட்டால் தப்பிவிடலாம்தானே என்று வெளியூர்க்காரன் நினைப்பான். இந்தக் கரையில் வாழ்கிறவனுக்குத் தெரியும். பள்ளி வாசலில் நிறுத்தப்பட்ட பெண் உண்மையைத்தான் சொன்னாலும், 'சத்தியத்துக்குப் போனவள்' என்ற பேர் போகாது. பிறகு எந்த வீட்டுக் குசினியும் அவளுக்குத் திறக்காது. அவள் வீட்டில் ஒரு குமர் வேறு இருக்கிறது. அந்தப் பிள்ளையை யார் கேட்டு வருவார்கள்?

"நடந்ததச் சொல்லுங்க ஹாஜியார்," என்றார் ஸலாஹுதீன்.

"நேத்துப் பின்னேரம் மகளுக்குத் தலை முழுக வாத்தாங்க. முடி காயவைக்கச் சாம்பிராணி போட்ட. போட்டதும் சட்டியில இருந்து என்ட அத்தர் மணம்! மக்கத்துல இருந்து நான் கொண்டு வந்த அத்தர். இந்த ஊருலயே ஒரு போத்தல்தான் இரிக்கி. அது நகைப் பெட்டிக்குள்ள கிடந்த. போத்தலோட மூடி கொஞ்சம் லூஸ். பொம்புளையள் ஜின் எண்டு கத்தினாங்க. மகன்தான் கேட்டான், சட்டியில நெருப்புப் போட்டது ஆரெண்டு. றுகையா. அவட கையில அத்தர் இல்லாட்டி அந்த மணம் எங்கால வந்த?"

ஹாஜியாரின் மூத்த மகன் மசூர் தூணில் சாய்ந்து நின்றான். வாப்பாவின் சிரட்டைக்கரிக் களஞ்சியமான கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிறவன். வெள்ளைச் சட்டையிலும் நகக்கண்ணில் கரி.

"இதுல துப்பறிய என்ன இரிக்கி?" என்றான் மசூர். "சத்தியத்துக்குக் கூப்பிட்டதும் முகம் வெளிறிப்போய் நிக்கிறத நீங்களே பாருங்க."

"என்னைக் கூப்பிட்டாலும் நான் வெளிறித்தான் போவன் தம்பி. என்ன, என்ட நிறத்துல ஒருத்தருக்கும் தெரியாது," என்றான் சீனித்தம்பி.

கதவுக்குப் பின்னாலிருந்து மணப்பெண்ணின் குரல் கேட்டது. "வாப்பா, றுகையா ராத்தா எடுக்க மாட்டா. அவவப் பள்ளிக்குக் கொண்டுபோனா எனக்கு இந்தக் கலியாணமே வேணாம்!"

"உள்ள போ!" என்று மசூர் சீறினான்.

ஸலாஹுதீன் றுகையாவின் பக்கம் திரும்பினார். "ராத்தா, நேத்துச் சட்டிக்கு எந்தக் கரி போட்டீங்க?"

"இந்தப் பீப்பாக் கரிதான் தம்பி." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "கிட்டங்கியில இருந்து வந்த சிரட்டைக் கரி. அடுப்புக் கரி புகைக்கும். புள்ளைட முடிக்குச் சரிவராது."

ஸலாஹுதீன் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக்கரித் துண்டை எடுத்தார். பீப்பாவுக்குள் கையை விட்டு மேலிருந்து ஒரு துண்டும், தோள்வரை குனிந்து அடியிலிருந்து ஒரு துண்டும் எடுத்தார். மூன்றையும் சீனித்தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மணந்து பாரு."

"ஒரு மணமும் இல்ல. கரி கரியாத்தான் இரிக்கி."

மூன்று சட்டியில் தணல் வந்தது. முதலில் அடுப்புக்கரி. கொஞ்சம் ஆவி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அடுத்தது பீப்பாவின் மேல்கரி. தணலில் பட்டு அரை நிமிஷம் ஆகவில்லை, குசினி முழுவதும் அத்தர் கமகமத்தது. மாவிடித்துக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். மூன்றாவது, பீப்பாவின் அடிக்கரி. அதுவும் அதே மணம்தான்!

"யா அல்லாஹ்!" என்றார் ஹாஜியார்.

"பயப்படாதீங்க. திருகோணமலையில நான் நாலு வருஷம் செஞ்ச வேலையே இதுதான்," என்றார் ஸலாஹுதீன். "வெள்ளைக்காரன் எங்கட சிரட்டைக் கரியைக் கப்பல் கப்பலா வாங்கினது எதுக்கு? நச்சுப்புகை முகமூடிக்குள்ள போட. புகை வந்தா கரி புடிச்சுவெச்சிரும், ஆள் தப்பிருவான். இந்தத் துண்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொந்து ஆயிரமாயிரம் இரிக்கி. காத்துல மிதந்து வார மணம் அந்தப் பொந்துச் சுவருல போய் ஒட்டிக்கும்."

"ஒட்டினா கரியோட கரியாப் போயிராதா?" என்று கேட்டான் சீனித்தம்பி.

"போகாது. கம்பியில காகம் குந்தின மாதிரித்தான். காகம் கம்பியா மாறிருமா? கல்லெறிஞ்சா எழும்பிப் பறக்கும். கரிக்குச் சூடுதான் கல்லு. குளிர்ல குடிச்ச மணத்தைச் சூட்டுல அப்பிடியே திருப்பித் தந்திரும்."

"அப்ப இந்த அடுப்புக்கரி மட்டும் என்ன பாவம் செஞ்சது?"

"அது தண்ணி ஊத்தி அணைச்ச கரி. கம்பி முழுக்க ஏற்கெனவே தண்ணிக் காகம். அத்தருக்கு எங்க இடம்?"

மசூர் கையைத் தட்டினான். "அப்ப சரிதானே! பீப்பாக் கரி அத்தரைக் குடிச்சிரிக்கி. பெட்டி பீப்பாக்குள்ளதான் இருந்திரிக்கி. பீப்பாவுல கைவைக்கிறது ஆரு? இவ! இனி என்ன விசாரணை?"

காப்பாற்ற வந்த மனுஷன் கயிற்றை எடுத்து அவள் கழுத்திலேயே போட்டுவிட்டாரே! றுகையா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸலாஹுதீன் மட்டும் அசையவில்லை. "இந்தக் கரி எப்ப வந்த?"

"புதன்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு," என்றார் ஹாஜியார். "கிட்டங்கிக் கூலியாள் கோணாமலை ஒரு சாக்குக் கொண்டுவந்து கொட்டினான்."

"கொட்டினதுக்குப் பிறகு குசினி ஆளில்லாம இருந்ததா?"

"எங்க தம்பி! புதன்ல இருந்து பலகாரச் சூடு. இராப்பகலா ஏழெட்டுப் பொம்புளையள் இந்தப் பீப்பாவைச் சுத்தித்தான் கிடக்காங்க."

"அப்ப இத்தனை கண்ணுக்கு முன்னால ஒருத்தி பீப்பாட அடிவரைக்கும் தோண்டிப் பெட்டியப் புதைச்சு, திரும்பத் தோண்டி எடுத்திருக்க ஏலுமா? அடிக்கரியும் மணக்குது, மேற்கரியும் மணக்குது. இந்தக் கரி வீட்டுக்கு வர முன்னமே அத்தரைக் குடிச்சிட்டு, ஹாஜியார். பெட்டி இருந்தது கிட்டங்கியில."

மசூரின் முகத்தில் ஏதோ மாறியது. மறுகணமே சரியாகிவிட்டது. "அப்ப கோணாமலைதான்!" என்றான். "இருங்க, அவன்ட எலும்ப எண்ணுறன்!"

*

கரிக் கிட்டங்கி கடற்கரைப் பக்கம். வாசலில் வாகை மர நிழலில் லொறி நின்றது. கரிச் சாக்குகளை அடுக்கி ஏற்றி முடித்தாயிற்று. ஜும்ஆ முடிந்ததும் கொழும்புக்குப் புறப்பட வேண்டியதுதான். கோணாமலை, காரைதீவு ஆள், தலைமுதல் கால்வரை கரி, கண் மட்டும் வெள்ளை. மசூர் அவன் கழுத்துத் துண்டைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். ஸலாஹுதீன் கையை எடுத்துவிட்டார்.

"புதன்கிழமை வீட்டுக்குக் கரி கொண்டுபோகச் சொன்னது ஆரு?"

"ஒருத்தரும் சொல்லல்ல ஐயா," என்றான் கோணாமலை. "விடியக் கிட்டங்கியத் திறக்கக்குள்ள கதவோரம் ஒரு சாக்கு வாய் பிரிஞ்சு கிடந்த. வாய் பிரிஞ்ச சாக்கைக் கொழும்புக் கொம்பனிக்காரன் எடுக்க மாட்டான். கல்லு மண்ணு கலந்திட்டம் எண்டு லோட்டையே திருப்பி அனுப்பிருவான். அதால வாய் பிரிஞ்சது எப்பவும் முதலாளி வீட்டுக்குத்தான். நான் வந்த நாள்ல இருந்து அதுதானே வழமை."

"அந்தச் சாக்கு அத்தர் மணந்திச்சா?"

"மணமா? கரிக்கு ஏது ஐயா மணம்?"

ஸலாஹுதீன் சீனித்தம்பியை வாகை மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"விளங்கிச்சா? கள்ளன் செவ்வாய் இரவு பெட்டியக் கதவோரச் சாக்குக்குள்ள வெச்சான். கரி மணத்தையெல்லாம் குடிச்சிரும், மோப்பமே வராது எண்டு தெரிஞ்சவன். விடிய முன்னம் அதை வேற சாக்குக்கு மாத்தி வாயத் தைச்சிட்டான். பழைய சாக்கைத் தைக்க மறந்திட்டான். வழமை அதைத் தூக்கிக்கொண்டு போய் நேரே அவன்ட வீட்டுக் குசினியிலயே கொட்டிச்சு."

"அவன்ட வீடா?" சீனித்தம்பி வாயைப் பிளந்தான். "காக்கா, நீங்க சொல்லுறது..."

"நான் ஒரு பேரும் சொல்லல்ல. சாட்சி இல்லாமச் சொன்னா ஹாஜியார் நம்புவாரா? பெத்தவர். கிட்டங்கியில தைச்ச சாக்கு முழுக்க ஏத்தியாச்சு, பெட்டியும் இந்த லொறியிலதான் இரிக்கி. ஆனா எந்தச் சாக்கு?"

"எல்லாத்தையும் அவிழ்த்துக் கொட்டுவம்!"

"நூத்துக்கணக்கான சாக்கு. ஹாஜியார்ட யாவாரம் அழிஞ்சிரும், ஒருநாளும் விட மாட்டார். ஒவ்வொண்டா நெருப்புல காட்டவும் நேரமில்ல. ஜும்ஆ முடிஞ்சா அங்க சத்தியம், இங்க லொறி போயிரும்." ஸலாஹுதீன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பங்குனி வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. "ஏன்டா சீனித்தம்பி, இவ்வளவு பெரிய அடுப்பு மேல எரியக்குள்ள நாம ஏன் தணல் தேடணும்?"

கூட வந்திருந்த ஹாஜியாரின் காதில் அவர் ஏதோ சொன்னார். ஹாஜியார் முதலில் தலையை ஆட்டி மறுத்தார், பிறகு நெடுநேரம் தாடியைத் தடவினார், கடைசியில் குரல் கொடுத்தார். "லொறிய எடுத்துப் பள்ளிக்கு முன்னால நிப்பாட்டுங்க. தொழுகை முடிஞ்சதும் அப்பிடியே போகட்டும்."

"அங்க நிழலில்ல வாப்பா!" என்றான் மசூர். "வெயில்ல சாக்கு இத்துப்போகும்."

"ஒரு தொழுகை நேரத்துலயா இத்துப்போகும்? நீ போய்க் குளி. ஜும்ஆவுக்கு நேரமாகுது."

*

பள்ளிக்கு முன்னால் வெட்டவெளி. மசூர் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சீனித்தம்பி லொறியின் மேல் ஏறிச் சாக்குகளுக்கும் தார்ப்பாய்ப் படங்குக்கும் நடுவில் படுத்துக்கொண்டான். ஹாஜியார் தம் கையாலேயே படங்கை இழுத்து மூடிச் சுற்றிவரக் கயிறு போட்டு இறுக்கினார்.

"காக்கா, கரி மணத்தைக் குடிக்கும் எண்டீங்களே. காத்தையும் குடிக்குமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் குடிக்கும். நீ கதைக்காமக் கிடந்தா உனக்கும் மிச்சம் வைக்கும்," என்றார் ஸலாஹுதீன். "கேளு. பள்ளிக்கு வார சனம் முழுக்க அத்தர் பூசித்தான் வரும். போகக்குள்ளயும் அப்பிடித்தான். எல்லாரும் உள்ள தொழுகையில நிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் உன்ட மூக்குக்கு. ஊருலயே இண்டைக்கு அத்தர் பூசாத ஆம்பிளை நீ ஒருத்தன்தான்."

"அம்மா பெத்த நேரம் அப்பிடி," என்று முனகினான் சீனித்தம்பி.

பாங்கு சொல்லியாயிற்று. செருப்புச் சத்தம், சைக்கிள் மணி, ஸலாம், பேச்சு. படங்கின் இடுக்கு வழியாக அத்தர் மேல் அத்தராக உள்ளே வந்தது, மல்லிகை, சந்தனம், ரோசா என்று ஒரு கடையே வந்து மூக்குக்குள் இறங்கியதுபோல் இருந்தது. சீனித்தம்பி சாரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தான். கீழே கரி, மேலே படங்கு, அதற்கும் மேலே பங்குனிச் சூரியன். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. சாக்குகள் தோசைக்கல்லாகச் சுட்டன. இடுக்கு வழியாகப் பார்த்தான். பள்ளி மதிலோரம் றுகையா தன்னந்தனியாக நின்றிருந்தாள். போகிற ஆண்கள் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போனார்கள்.

குத்பா முடிந்தது. தொழுகைக்கு எழுந்து நிற்கச் சொல்லும் இகாமத் கேட்டது. தெருவே வெறிச்சோடிப்போயிற்று.

இப்போதுதான் அவன் முறை. முழங்கையால் ஊர்ந்து சாக்குச் சாக்காக மூக்கை வைத்து இழுத்தான். சணல் மணம். தூசு மணம். இன்னொரு சாக்கு, அதுவும் சணல்தான். மூச்சு முட்டியது. தலை சுற்றியது. கடவுளே, இந்தப் பொம்புளைக்காகவாவது காட்டு என்று வேண்டிக்கொண்டே ஊர்ந்தான். நடுவில் இல்லை. பின்பக்கம் இல்லை. சாரதியின் இருக்கைக்குப் பின்னால், ஓரத்து மூலையில் கடைசிச் சாக்கு. மூக்கை வைத்தான்.

வந்தது. முதலில் நூலளவு. பிறகு, சந்தேகமே இல்லாமல், காலையில் குசினியில் கமழ்ந்த அதே மணம். வெயில் சுடச்சுடக் கரி தன் வயிற்றிலிருந்ததை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தது!

சீனித்தம்பிக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. கூவ முன்னமே 'சரக்' என்று ஒரு சத்தம்.

கயிறு அறுபட்டது. படங்கின் ஓரம் தூக்கிக்கொண்டது. கண் கூசும் வெளிச்சத்தில் ஒரு கை உள்ளே வந்தது. கையில் சாக்கு வெட்டும் கத்தி. அந்தக் கை தேடவுமில்லை, தடவவுமில்லை. நேரே சீனித்தம்பியின் முகத்துக்கு நாலு விரல் தள்ளி, அவன் மோந்துகொண்டிருந்த அதே சாக்கின் வாயைக் கிழித்தது. கரி பொலபொலவென்று கொட்டியது. கை உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வெளியே வந்தது.

சீனித்தம்பியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அது சீனித்தம்பியின் நாக்கு அல்லவா!

"மசூர் தம்பி," என்றான் இருட்டிலிருந்து. "தொழுகை அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

மசூர் அலறிவிட்டான். கத்தி தெறித்து விழுந்தது. சீனித்தம்பி பாய்ந்து பெட்டியைப் பிடித்தான். இருவருமாக இழுபட்டுப் புரண்டு லொறியிலிருந்து மணலில் விழுந்தார்கள். அதே நேரம் பள்ளிக்குள்ளே ஸலாம் கொடுத்து முடிந்தது. சனம் வாசலுக்கு வந்தது.

மசூர் சட்டென்று பெட்டியை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"கள்ளன்! கள்ளன்!" என்று கத்தினான். "கையும் களவுமாப் புடிச்சிட்டன்! பெட்டி இவன்ட கையில! கோணாமலையும் இவனும் ஒரே ஊர். ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலை!"

பெட்டி சீனித்தம்பியின் மடியில் இருந்தது. உடம்பெல்லாம் கரி. சொல்லுக்குத் திண்டாடாத வாய் அந்த ஒரு தடவை வார்த்தை தேடிக் காற்றை மென்றது. நாலைந்து பேர் வந்து சட்டையைப் பிடித்தார்கள். ஒருவன் கையை ஓங்கினான்.

"அடிக்க முன்னம் அந்தக் கயிற்றைப் பாருங்க!"

ஸலாஹுதீன் படியிறங்கி வந்தார். அறுந்த கயிற்றை எடுத்து ஹாஜியாரின் கையில் கொடுத்தார். "இது ஆர் போட்ட முடிச்சு?"

ஹாஜியார் கயிற்றைப் பார்த்தார். "நான் போட்ட."

"இந்தச் சீனித்தம்பி அப்ப எங்க இருந்தான்?"

"படங்குக்குள்ள. நான்தான் அவனை உள்ள வெச்சுக் கட்டின."

கூட்டத்தில் சலசலப்பு. ஓங்கிய கை இறங்கியது.

"உள்ள கிடந்தவன் வெளியால இருந்து கயிறு அறுக்க மாட்டான்," என்றார் ஸலாஹுதீன். "தக்பீர் கட்டக்குள்ள மசூர் என்ட இடப்பக்கம் தோளோட தோள் நிண்டார். தொழுகையில திரும்பிப் பார்க்கேலாது. சலாம் குடுக்க வலப்பக்கம் திரும்பினன், ஹாஜியார் இருந்தார். இடப்பக்கம் திரும்பினன், இடம் காலி. வெயில்ல அந்தச் சாக்கு மணக்கத் தொடங்க முன்னம் பெட்டிய எடுக்கணும் எண்டு ஓடி வந்திரிக்கார். இத்தனை சாக்குல இந்த ஒரு சாக்கை இவனுக்கு மூக்குக் காட்டிக் குடுத்த. உங்களுக்கு எது காட்டிக் குடுத்த, மசூர்?"

மசூர் வாப்பாவைப் பார்த்தான்.

"நானும் சலாம் குடுக்கக்குள்ள பார்த்தன்," என்றார் ஹாஜியார். "வயித்துவலியாக்கும் எண்டு நினைச்சன். அப்பிடித்தான் நினைக்க ஆசைப்பட்டன்."

"வேற என்ன செய்யச் சொல்லுறீங்க?" மசூர் வெடித்தான். "வீடு ஸம்ஸியாக்கு! வளவு ஸம்ஸியாக்கு! வயலும் ஸம்ஸியாக்கு! பொம்புளப் புள்ளைக்குக் குடுக்கிறதுதான் ஊர் வழமையாம். பதினஞ்சு வயசுல இருந்து இந்தக் கரியைத் திண்டு அந்த நகையச் சேத்தது நான் வாப்பா, நான்! நாளைக்கு ஒருத்தியக் கட்டினா அவட வீட்டுப் படியிலதான் நான் ஏறணும். எனக்கு எண்டு என்ன வெச்சிருக்கீங்க?"

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. சீனித்தம்பிக்குக்கூட அவன்மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. அதற்குள் மதிலோரம் நின்ற றுகையா கண்ணில் பட்டாள். வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

"அதைக் கேக்கிறதுக்கு வாப்பாட்டக் கேட்டிருக்கலாமே தம்பி," என்றான் சட்டையைத் தட்டிக்கொண்டே. "சமைச்சுப்போட்ட மனுசிட தலையிலயா கட்டணும்?"

ஒரு மரைக்கார் கனைத்தார். "சரி, சரி. பெட்டி கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். றுகையா, இனிச் சத்தியம் தேவையில்ல. நீ வீட்ட போ புள்ள."

றுகையா போகவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்ல முன்னால் வந்தாள். ஆண்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். மசூருக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"உன்ன இடுப்புல வெச்சுக்கொண்டுதான் நான் அந்த வீட்டு அடுப்பெரிச்சன்," என்றாள். மசூர் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஹாஜியாரிடம் திரும்பினாள்.

"ஹாஜியார், கரிகூடக் குடிச்சதத் திருப்பித் தந்திட்டு. நீங்க என்ட பேரை எடுத்திட்டீங்க. இந்தப் பள்ளிக்கு முன்னால, ஊருச் சனமெல்லாம் பார்க்க எடுத்தீங்க. வீட்ட போ எண்டா நான் எதக் கொண்டு போற? என்ட புள்ளைக்கு முன்னால எந்த முகத்தோட நிக்கிற?"

கடற்காற்று அறுந்த படங்கைப் படபடவென்று அடித்தது. ஹாஜியார் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றினார். பள்ளிப் படியில் ஏறி, சனத்தைப் பார்க்கத் திரும்பி நின்றார்.

"மோதினார், குர்ஆனைக் கொண்டு வாங்க," என்றார். "ஒருத்தரும் போகாதீங்க. இண்டைக்குச் சத்தியம் இரிக்கி. செய்யப்போறது நான்."

ஊரில் யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. மகனையும் மானத்தையும் ஒருசேரத் தன் வாயாலேயே சபையில் வைத்தார் அந்தக் கிழவர். றுகையா களவெடுக்கவில்லை. களவெடுத்தது என் மகன். விசாரிக்காமல் அவளை இந்த வாசலுக்குக் கொண்டுவந்தது நான். அல்லாஹ்வின் மீது சத்தியம்.

றுகையா அதுவரை ஒரு துளி கண்ணீர் விடவில்லை. அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முக்காட்டால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஞாயிற்றுக்கிழமை விடியப் புள்ளைக்குச் சாம்பிராணி போட வாறன். ஸம்ஸியாக்காக வாறன், உங்களுக்காக இல்ல. வேற கரி எடுத்து வையுங்க."